மாதவிலக்குக்கு முந்திய வாரமும் மனநலமும்

மாதவிலக்கைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் உதிரம் கண்ட நாளிலிருந்தே தொடங்குகிறது. எத்தனை நாள் போக்கு, எவ்வளவு வலி, எப்போது தலைக்குக் குளிப்பது, பண்டிகைக்குக் கோயிலுக்குள் போகலாமா கூடாதா என்பனவே வழக்கமான கேள்விகள். விலக்கான பெண் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழையலாகாது என்று வெற்றிலை விளையும் ஊர்களில் வழங்கிவரும் பழைய நம்பிக்கையும் அந்த நாள்களையே எண்ணுகிறது.

அரசுகள் அளிக்கும் சலுகைகளும் இதே நாள்களைக் கருதியே எழுந்தன. பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு வழங்கிவருகிறது. கேரளத்தில் 2023ஆம் ஆண்டு பல்கலைக்கழக மாணவியருக்கு வருகைப்பதிவில் தளர்வு அளிக்கப்பட்டது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்கு ஒப்புதல் அளித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், எங்களிடம் வரும் பெண்களுள் ஒரு சாராருக்குப் பெருந்துன்பம் நேர்வது உதிரம் கண்ட நாளில் அன்று. அதற்கு முந்திய ஒரு வாரத்தில். காரணமின்றிப் பெருகும் அழுகை, அடக்க இயலாத சினம், உறக்கமின்மை, 'நான் எதற்கும் ஆகாதவள்' என்ற எண்ணம் ஆகியவை அப்போது வந்து, உதிரம் கண்ட ஓரிரு நாளில் விலகிவிடுகின்றன. வீட்டு வழக்கமும் சட்டமும் எண்ணத் தவறும் அந்த வாரத்தைக் குடும்பமும் மருத்துவமனையும் எண்ணத் தொடங்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

உடலுக்குள் நடப்பது

உதிரம் கண்ட முதல் நாளே சுழற்சியின் முதல் நாள். வளர்ந்த பெண்களுக்கு ஒரு சுழற்சி பொதுவாக 21 முதல் 35 நாள்கள் வரை நீளும். அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்பு சூலகத்திலிருந்து கருமுட்டை வெளியேறுகிறது. அதன்பின் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உயர்கிறது. கரு தங்காவிடில், கடைசிச் சில நாள்களில் அதுவும் ஈஸ்ட்ரோஜெனும் சேர்ந்து இறங்குகின்றன, உதிரப்போக்கு தொடங்குகிறது.

இந்த ஏற்ற இறக்கம் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் ஒரு பொருள், மூளையை அமைதிப்படுத்தும் ஏற்பிகளில் செயல்படுகிறது. பலருக்கு அமைதி தரும் அதே பொருள் சிலருக்குப் பதற்றத்தையும் எரிச்சலையும் தருகிறது. மனநிலை, உறக்கம், பசி ஆகியவற்றோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயற்பாடும் இக்காலத்தில் மாறுகிறது.

'அப்படியானால் ஹார்மோன் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா? இரத்தம் எடுத்துப் பார்க்கலாமா?' என்று பலர் கேட்கின்றனர். பெரும்பாலும் அப்பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. விலக்குக்கு முன் மனத்துயருறும் பெண்களுக்குச் சூலகத்தின் செயற்பாட்டை மருந்தால் சிறிதுகாலம் நிறுத்தியபோது பலருடைய துயரம் தணிந்தது. பின்னர் ஈஸ்ட்ரோஜெனையோ புரோஜெஸ்டிரோனையோ இயல்பான அளவில் திரும்பக் கொடுத்தபோது துயரம் மீண்டது. இத்துயரம் இல்லாத பெண்களுக்கு அதே சிகிச்சையை அளித்தபோது அவர்களுடைய மனநிலையில் அத்தகைய மாற்றம் ஏதும் நேரவில்லை. ஹார்மோன்களின் அளவு இயல்பாகவே இருக்கிறது. அதற்கு மூளை காட்டும் எதிர்வினையே வேறுபடுகிறது. ஆதலால் இதனைக் குணக்கேடு என்பதும், மனவலிமைக் குறைவு என்பதும் தவறு.

இது புதிய நோயா?

'நாங்களெல்லாம் பிள்ளை பெற்று வளர்க்கவில்லையா? இப்போதுதான் இப்படியொரு நோயைச் சொல்கிறார்கள்' என்று மூத்த பெண்கள் கூறுவதுண்டு. பெயர்தான் புதிது. 1931ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஃபிராங்க் என்னும் அமெரிக்க மருத்துவர் விலக்குக்கு முந்திய மன இறுக்கத்தைப் பற்றி எழுதினார். 1953இல் பிரித்தானிய மருத்துவர்களான கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் உடல், மன அறிகுறிகளை ஒன்றாகத் தொகுத்து, விலக்குக்கு முந்திய நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டனர். அதுவே இன்று பி.எம்.எஸ். எனப்படுவது.

பெரும்பாலான பெண்கள் விலக்குக்கு முன் ஏதேனும் ஒரு மாற்றத்தை உணர்வர். மார்பில் வலி, வயிற்று உப்புசம், சிறு எரிச்சல் போன்றவை வந்து போகும். இவை நோயல்ல, ஓய்வும் பொறுமையும் போதும். அன்றாட வேலையையும் உறவையும் பாதிக்குமளவு அறிகுறிகள் மிகும்போதுதான் மருத்துவ உதவி தேவைப்படுகிறது. இவற்றுள் மிகக் கடுமையான நிலையை மருத்துவர்கள் பி.எம்.டி.டி. என்று சீட்டில் எழுதுவர். விலக்குக்கு முந்திய மனநிலைச் சீர்குலைவு என்று அதனைச் சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, மாதவிலக்கு வரும் பெண்களில் 1.8 முதல் 5.8 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாகக் கணக்கிடுகிறது. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பட்டியலில் இது மகளிர் நோய்களின் கீழும் மனச்சோர்வு நோய்களின் கீழும் ஒருசேர இடம்பெற்றுள்ளது. உடல்நோயா மனநோயா என்று பிரித்துப் பார்க்க முற்படுவோருக்கு அதுவே விடை.

இரண்டு தவறுகள்

வீடுகளில் இரண்டு வகைத் தவறுகளைக் காண்கிறோம். முதலாவது, துயரத்தை மறுப்பது. 'எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே, பொறுத்துக்கொள்' என்னும் சொல் ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும், கேட்பவளை மேலும் தனிமைப்படுத்துகிறது. மாதந்தோறும் ஒரு வாரம் தன் பிள்ளைகளிடம் சீறிவிட்டு, மறுவாரம் குற்றவுணர்வில் வாடும் ஒரு தாய் தன்னையே வெறுக்கத் தொடங்குகிறாள்.

இரண்டாவது தவறு இதற்கு நேர்மாறானது. பெண் எதைக் கேட்டாலும் 'நாள் நெருங்கிவிட்டதோ?' என்று நகைத்து அவள் வாயை அடைப்பது. குடித்துவிட்டு வரும் கணவனைக் கண்டிப்பதற்கும், வட்டிக்கு வாங்கிய கடனைப் பற்றிக் கேட்பதற்கும் ஹார்மோன் தேவையில்லை. அந்த வாரத்தில் குரல் உயர்ந்திருக்கலாம்; அதற்காகச் சொல்லிய குறை பொய்யாகிவிடாது. உரையாடலைச் சில நாள் தள்ளிவைக்கலாமேயன்றி, குறையைத் தள்ளிவிடலாகாது.

இந்நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால் பெண்களைப் பொறுப்பான வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லிவிடமாட்டார்களா என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நாங்கள் மதிக்கிறோம். எனினும், இது எல்லாப் பெண்களுக்கும் உரிய நிலையன்று, ஒரு சிறு பிரிவினருக்கு வருவது, சிகிச்சையால் கட்டுப்படுவது. சர்க்கரை நோயுள்ளவர் மருந்துண்டு தம் பணியைச் செய்வதுபோல இவர்களும் செய்ய இயலும். பேசாமல் மறைப்பதால் காப்பாற்றப்படுவது பெண்ணின் மதிப்பன்று. அவளுடைய துயரமே நீடிக்கிறது.

முதற்கருவி ஒரு நாட்காட்டி

இந்நோயை உறுதிசெய்ய ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இல்லை. தேவைப்படுவது ஒரு நாட்காட்டியும் பேனாவும். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். உதிரம் கண்ட முதல் நாளைச் சுழித்துக் குறியுங்கள். ஒவ்வோர் இரவும் படுக்குமுன் துக்கம், சினம், பதற்றம், உறக்கம், உடல்வலி ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 3 வரை எண் இடுங்கள். 0 என்றால் ஒன்றுமில்லை. 3 என்றால் அன்றைய வேலையே கெட்டது. இதனை இரண்டு சுழற்சிகளுக்குத் தொடர்ந்து செய்யுங்கள். மாத இறுதியில் நினைவுகூர்ந்து எழுதுவதால் பயனில்லை; துன்பமான நாளே நினைவில் நிற்கும், நல்ல நாள் மறந்துபோகும்.

இரண்டு மாதத்தின் பின் அந்தத் தாள் மூன்று விடைகளுள் ஒன்றைத் தரும். துன்பம் விலக்குக்கு முந்திய நாள்களில் மட்டும் மிகுந்து, உதிரம் கண்ட சில நாளில் நீங்கி, அதன்பின் ஒரு வாரமேனும் மனம் தெளிவாக இருந்தால், அது விலக்கோடு தொடர்புடையது. மாதம் முழுவதும் ஒரே அளவில் துன்பம் இருந்தால், அது மனச்சோர்வாகவோ பதற்ற நோயாகவோ இருக்கலாம். அதற்குரிய சிகிச்சை வேறு. மாதம் முழுவதும் இருந்து, விலக்குக்கு முன் மேலும் மிகுந்தால், ஏற்கெனவே உள்ள ஒரு நோய் அந்நாள்களில் கூடுகிறது என்று பொருள். ஒற்றைத் தலைவலியும் வலிப்பு நோயும்கூடச் சிலருக்கு இவ்வாறு விலக்கையொட்டி மிகுவதுண்டு.

தைராய்டு குறைபாடும் இரத்தச்சோகையும் சோர்வையும் எரிச்சலையும் தரவல்லவை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப்பேருக்கும் மேல் இரத்தச்சோகை உள்ளவர்கள். ஆகவே இவ்விரண்டையும் மருத்துவர் பரிசோதிப்பது முறை. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு விலக்கு தாறுமாறாகும் காலத்திலும் மனநிலை ஆட்டம் காணும். 'வயதாகிவிட்டது' என்று அதனை ஒதுக்கிவிட வேண்டா.

'கடைசியாக விலக்கானது எந்தத் தேதி?' என்று எல்லா மருத்துவமனைகளிலும் கேட்கிறார்கள். கருவுற்றிருக்கிறாளா என்பதை அறியவே பெரும்பாலும் அக்கேள்வி. உறக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லும் பெண்ணிடமும் அத்தேதியைக் கேட்டு, அவள் துயரத்தின் நாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம். மருத்துவர் கேட்க மறந்தால், நீங்களே உங்கள் தாளை எடுத்து நீட்டுங்கள்.

மருந்தைப் பற்றிய அச்சம்

குறைந்த துன்பத்துக்கு வாழ்க்கைமுறை மாற்றமே முதற்படி. நாள்தோறும் அரைமணி நேர நடை, ஒழுங்கான உறக்கம், நேரந்தவறாத உணவு, குறைந்த காப்பி, சுண்ணாம்புச்சத்து மிகுந்த பாலும் கேழ்வரகும் உதவக்கூடும். எண்ணங்களைச் சீர்செய்யப் பழக்கும் உளவியல் ஆலோசனையும் பயன் தருகிறது.

கடுமையான நிலைக்கு இவை மட்டும் போதா. செரட்டோனினைச் சார்ந்து செயல்படும் ஃபுளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் இதற்கு நன்கு ஆராயப்பட்டவை. 'மனநோய் மாத்திரை என்றால் வாழ்நாள் முழுதும் விழுங்க வேண்டும், அதற்கே அடிமையாகிவிடுவோம்' என்ற அச்சத்தால் பலர் மருந்துச்சீட்டை மடித்து வைத்துவிடுகின்றனர். இவை போதை தருவன அல்ல. மனச்சோர்வுக்கு இம்மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். விலக்குக்கு முந்திய துயரத்திலோ சில நாள்களிலேயே பலன் தெரிவதுண்டு. ஆகையால் சிலருக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் பின்பாதியான இரண்டு வாரங்கள் மட்டும் மருந்தைக் கொடுத்து நிறுத்தவும் இயலும். வேறு சிலருக்குக் குறிப்பிட்ட சில கருத்தடை மாத்திரைகள் உதவுகின்றன. எவருக்கு எது, எந்த அளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அண்டைவீட்டாருக்கு நன்மை செய்த மாத்திரையை வாங்கி உண்பதும், கேளாமலே நிறுத்துவதும் தீங்கு.

இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் பண்டிகை சாட்டியதும், திருமணத் தேதி குறித்ததும், நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது புரோஜெஸ்டிரோனைப் போன்று செயல்படும் ஹார்மோன் மாத்திரை. மனநிலை ஆட்டம் உள்ள பெண்களுக்கு அது சோர்வைக் கூட்டக்கூடும். இரத்தக்கட்டு, கல்லீரல் நோய் போன்றவை இருந்தவர்களுக்கு அது ஆபத்தானது. கட்டாயம் தேவையெனில் மருத்துவரிடம் கேட்டே உண்ணுங்கள். இயற்கையாக வரும் ஒன்றைத் தள்ளிப்போடுமாறு பெண்ணை நெருக்குவதைவிட, அவள் அந்நாளில் வாசலில் நின்றே வணங்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது.

விடுதியும் ஆலையும்

நாமக்கல் மாவட்டம் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்பெற்றது. பல மாவட்டங்களிலிருந்தும் மாணவியர் இங்கு வந்து தங்கிப் பயில்கின்றனர். தேர்வுக்கு முந்திய வாரமும் விலக்குக்கு முந்திய வாரமும் ஒன்றாக அமையும்போது, தாயும் அருகில் இல்லாத சிறுமி தான் படும் பாட்டை யாரிடம் சொல்வாள்? மதிப்பெண் குறைந்ததற்காகத் திட்டுமுன், தேதியைக் கேட்கும் ஒரு விடுதிக் காப்பாளர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். பூப்படைந்த முதற்சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்காக வராது. ஆதலால் சிறுமியர் குறிப்பெழுத அம்மாவோ ஆசிரியையோ துணைநிற்க வேண்டும்.

தமிழ்நாட்டின் ஆடை உற்பத்திக் கூடங்களில் விலக்கு வலிக்குப் பெயரற்ற மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுப்பதாக 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசி எழுதப்பட்ட செய்தி அது. வேலை தடைப்படாமல் இருக்க வலியை அடக்குவது ஒன்று. வலியுற்றவளுக்கு மருத்துவம் செய்வது வேறு. கையில் கொடுக்கப்படும் மாத்திரையின் பெயரைக் கேட்டறியும் உரிமை ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு. பெயரில்லாத மாத்திரையை உண்ண வேண்டா.

வீட்டாருக்குச் சில சொற்கள்

நம் வட்டாரத்தில் பல வீடுகளின் ஆண்கள் லாரியில் வடநாடு சென்று வாரக்கணக்கில் திரும்பாதவர்கள். சண்டையும் சமாதானமும் கைபேசியிலேயே நடக்கின்றன. நெடுந்தொலைவில் இருக்கும் கணவருக்கு மனைவியின் குரலில் சினம் மட்டுமே கேட்கும். அவள் நான்கு நாளாக உறங்கவில்லை என்பது தெரியாது. அந்தத் தேதிகளை அவரும் அறிந்திருந்தால், 'என்ன குறை கண்டாய்?' என்று சீறுமுன் 'நேற்று உறங்கினாயா?' என்று கேட்கத் தோன்றும்.

மாமியார்களும் தாய்மார்களும் செய்யக்கூடியது இன்னும் அதிகம். உதிரம் கண்டபின் வேலையிலிருந்து ஒதுக்கிவைப்பதைவிட, முந்திய வாரத்தில் காலைச் சமையலையோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதையோ ஏற்றுக்கொள்வது பேருதவி. நிலம் விற்பது, வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை அந்த நாள்களில் எடுக்காமல் தள்ளிவைக்கலாம். மருத்துவரிடம் வரும்போது கணவரோ மாமியாரோ உடன் வந்து, தாங்கள் கண்டதைச் சொல்லலாம். ஆனால் சிறிது நேரமாவது அப்பெண் தனியே பேச இடங்கொடுக்க வேண்டும்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முதன்மையானது. கடுமையான விலக்குக்கு முந்திய துயரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றக்கூடும். 'இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று அதனை விட்டுவிடலாகாது; அந்த இரண்டு நாளைத் துணையோடு கடப்பதே முதன்மை. அவளைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். 'சாகத் தோன்றுகிறதா?' என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை, சொல்லிவிட்டதால் பாரம் குறைகிறது. 14416 என்னும் எண்ணில் அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. 104 என்னும் எண்ணையும் அழைக்கலாம். உடனடி ஆபத்தெனில் 108ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது இரண்டு மாதத் தாளையும் உடன்கொண்டு வாருங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. ஒரு பெண் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை தனியே கடந்துவந்த வாரத்தை, இனி வீட்டாரும் மருத்துவரும் அவளோடு சேர்ந்து கடக்க அந்தத் தாள் வழிகாட்டும்.